ஸ்தோத்திரத்தில் என் பெயர்

ஜூன் 3, செவ்வாய்

"மனசு சோர்வா இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்று நான் சொல்லவில்லை.

ஸ்கேனைப் பார்த்து, மூளையில் புதிய தழும்பு எதுவும் இல்லை, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றார். பிறகுதான் அந்தக் கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "கர்த்தர் கிருபையால நல்லா இருக்கா டாக்டர். இப்ப கம்பு இல்லாம நடக்கா" என்று சொல்லி, மக்ரூன் இனிப்புப் பெட்டியை மேசைமேல் நகர்த்தினாள். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் தூத்துக்குடிக்குத் திரும்பும்போது, வல்லநாடு தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பி அந்த ஒரு சொல்லைச் சொல்லிப்பார்த்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

எனக்கு எம்.எஸ். என்கிற நரம்பு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து, ஆராதனையில் வியாதியஸ்தர்களுக்கான ஜெபத்தில் எங்கள் சபைப் போதகர் ஐயர் என் பெயரை வாசித்துவந்தார். வாராவாரம் கூசிப்போவேன். தலைகள் திரும்பும்.

இன்று அங்கே என் பெயர் வரவில்லை. நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஜெபத்தில் வந்தது. "பூரண சுகம் பெற்ற சகோதரி ஜெபசுதாவுக்காக." அம்மாவின் ஏற்பாடு. வெளியே வந்ததும் பெண்கள் கூட்டத்து விஜிலா அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏளா, முகத்துல என்ன களை பாரு!"

இது பூரணமாகப் போகிற நோய் இல்லை. அறிவியல் டீச்சராக இருந்த அம்மாவுக்கு அது தெரியாதா?

கூச்சம் போயிருக்க வேண்டும். மாறாக, எதையோ பிடுங்கிக்கொண்டதுபோல இருக்கிறது. இனி நான் நோயாளிகூட இல்லை. அப்படியானால் காலையில் கண் விழித்ததும் நெஞ்சின்மேல் ஏறி உட்காருகிறதே, அது என்ன? சோம்பலா? நன்றி கெட்டதனமா?

ஜூன் 12, வியாழன்

ஒரு நாவலை எடுத்தேன், மூடினேன். இன்னொன்று. அதையும்.

ஜூன் 17, செவ்வாய்

அனல்காற்று. கண்ணெல்லாம் தூசி. உடம்பு சூடானால் எனக்குப் பார்வை மங்கும் என்பதால் ஷிப்பிங் ஆபீஸில் ஏசிக்கு நேர் கீழே இடம் தந்திருக்கிறார்கள். பக்கத்து மேசை பேச்சிச்செல்வி ஆரம்பித்தாள். "மகாராணிக்கு ஊட்டி, நமக்கு உப்பளம். நானும் ஒரு சீக்கு வாங்கிட்டு வாரேன்ளா, எங்க விக்குது?"

வழக்கமாக நானும் ஏதாவது திருப்பிக் கொடுப்பேன். இன்று கண்டெய்னர் எண்ணைத் தட்டிக்கொண்டே அழுதேன். அவள் பயந்துபோய், "ஏளா, சும்மா சொன்னேன்" என்றாள். அதற்காக இல்லை என்று எப்படிச் சொல்வது? எதற்காகவும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் முத்துநகர் கடற்கரையில் இறங்கினேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், நடந்தேன், கால் தளர்ந்து மறுபடி உட்கார்ந்தேன். தூரத்தில் கப்பல்கள் முறைக்குக் காத்து நின்றன. செத்துப்போக வேண்டும் என்றில்லை. நாளைக்கு எனக்கு விடியாமல் இருந்தால் போதும் என்று —

எழுதிவிட்டேன். அடிக்கப்போவதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அடுத்த வாரம் பெண்கள் கூட்டத்தில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

"நாலு வார்த்த போதும் சுதா. கர்த்தர் ஒன்னையத் தூக்கிவிட்டத."

"காலைத்தாம்மா தூக்கிவிட்டாரு. என்னைய அங்கனயே விட்டுட்டாரு. காலைல முழிச்சா ஏன்தான் முழிச்சோம்னு இருக்கு. மைக்குல அதச் சொல்லட்டா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள். குழம்பு இன்னும் கொதிக்கவே இல்லை. புளியின் பச்சை வாடை போகாத அந்த மீன்குழம்பையே இருவரும் சாப்பிட்டோம்.

கத்தியிருக்க வேண்டாம். ஆனால் வேறு எப்படி?

ஜூன் 29, ஞாயிறு

கூட்டத்துக்கு நான் போகவில்லை. அம்மாவும் போகவில்லை. கூப்பிட வந்த விஜிலா அக்காவிடம் தலைவலி என்றாள்.

ஜூலை 1, செவ்வாய்

டாக்டரை அடுத்த முறை பார்க்க வேண்டியது செப்டம்பரில்தான். அம்மாவே போன் செய்து இன்றைக்கு நேரம் வாங்கியிருந்தாள். கையில் மக்ரூன் இல்லை.

"என்னம்மா, சீக்கிரமே வந்துட்டீங்க?" என்றார் டாக்டர்.

"போன தரம் நீங்க இவட்ட ஒண்ணு கேட்டீய. நான் பதில் சொல்லிட்டேன். அது எம் பதிலு. திரும்பக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

அவர் கேட்டார். ஆமாம் என்றேன். வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்றும் நேராகக் கேட்டார். சில நேரம், என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இது உங்க குணம் இல்லம்மா. இந்த நோய் உள்ளவங்க நிறைய பேருக்கு வரும். கால் மரத்துப்போன மாதிரி இதுவும் நோயில சேர்ந்ததுதான். வைத்தியம் இருக்கு." அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டார். தலையாட்டினேன். மனநல மருத்துவரை இன்றே பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினோம்.

வல்லநாடு வரும்போது அம்மா, "ஐயர்ட்டப் போயி சொல்லட்டா? பேர மறுபடியும் பழைய எடத்துலயே வாசிக்கச் சொல்லி?" என்றாள்.

ஸ்தோத்திரத்தைத் திரும்ப வாங்கியவர்கள் எங்கள் சபையில் யாரும் இல்லை.

"என்ன சீக்குன்னு கேப்பாவம்மா."

"கேட்டா கேக்கட்டும். எங்கிட்டதான கேக்கணும்."

ஜூலை 6, ஞாயிறு

மாத்திரையால் வாய் காய்கிறது. மற்றபடி மாற்றம் எதுவும் தெரியவில்லை. சில வாரம் ஆகுமாம்.

இன்று வியாதியஸ்தர்களுக்கான ஜெபத்தில் ஐயர் என் பெயரை வாசித்தார். விஜிலா அக்கா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சத்தமாக ஆமென் சொன்னாள்.