எக்ஸ்ட்ரா கட்டிங் பாட்டுகள்

நேற்று உன் மகள் ஒரு கருப்பு டி-சர்ட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மடிப்பைப் பிரித்ததும் பழைய பிரிண்டிங் மையின் வாசம். வாசத்தை வைத்தே எந்த டேபிளில் அடித்ததென்று சொல்கிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தன்தான், உனக்கே தெரியும். நம் அருள்புரம் பனியன் கம்பெனியின் இரண்டாவது டேபிள். முதுகில் வரிசையாக இங்கிலீஷ் பாட்டுகளின் பெயர்கள். முதல் பீஸை நீதான் எடுத்து வைத்திருந்திருக்கிறாய்.

நான் எட்டாவதோடு நின்றவன். அந்த வெளிநாட்டு ராக் குழுவைப் பற்றி டீ நேரத்தில், செக்கிங் மேசையில் சாய்ந்தபடி நீ சொல்லித்தான் தெரியும். பெரிய இசைத்தட்டில் சேராத பாட்டுகள், சின்னத் தட்டின் பின்பக்கம் போனவை, ஒரே நாட்டில் மட்டும் வந்தவை, எல்லாவற்றையும் குழு பிரிந்த பிறகு கம்பெனிக்காரன் பொறுக்கி ஒரு தட்டாகப் போட்டான். அமெரிக்காவுக்கு ஒரு பட்டியல், இங்கிலாந்துக்கு வேறொன்று. சிடி காலத்தில், ஸ்டுடியோவில் பாடிப் பார்த்து ஒதுக்கியதுகூடத் தொகுப்பாக வந்தது.

ரிஜெக்ட் பீஸை விற்கிறானாக்கும் என்றேன். நீ சிரிக்கவில்லை.

"ரிஜெக்ட் இல்ல மாப்ள. ஆர்டருக்கு மேல எக்ஸ்ட்ரா கட்டிங் போடறமல்ல, அதாட்டத்தான். பழுதொண்ணும் இருக்காது. பொட்டில எடமில்ல, அவ்வளவுதான்."

இரண்டு பட்டியல் உள்ள அந்தத் தட்டுக்கே டி-சர்ட் ஆர்டர் வந்தது, இங்கிலாந்துக்குப் போகிற சரக்கு. சரக்கு வாங்குகிற பையர் சரி சொன்ன அச்சுப் பிலிம் என்றால் நாங்கள் எழுத்து தெளிவாக விழுகிறதா என்று மட்டும் பார்ப்போம், படிக்க மாட்டோம். நீ படித்தாய். முதல் பீஸின் ஒன்பதாவது வரியில் விரலை வைத்து, இது அமெரிக்கத் தட்டில் மட்டும் உள்ள பாட்டு என்று டேபிளை நிறுத்தச் சொன்னாய்.

ஆபீசுக்கு ஓடியவன் நான். கண்டுபிடித்தவனும் நானே என்று சொல்லிவிட்டேன். அந்த வாரமே பிரிண்டிங் இன்சார்ஜ் ஆனேன். உன் முன்னால் வந்து நின்றபோது, "உடு மாப்ள, பட்டியல் சரியாச்சல்ல" என்றாய்.

பிறகு கேட்டவர்களிடமெல்லாம், பையர் பிளேனில் வந்து என் கையைக் குலுக்கினான் என்றேன். டிரம் வாசிப்பவன் கடுதாசி போட்டான் என்றேன். பக்கத்திலிருந்து நீ தலையாட்டினாய்.

"ஏனுங் மாமா, இந்த ஒம்பதாவது வரித் தப்ப நீங்கதான் கண்டுபுடிச்சீங்களாமா? அப்பா பெருமையாச் சொல்லுவாருங்க" என்று நேற்று சட்டையைக் காட்டிக் கேட்டாள் உன் மகள்.

"இல்ல கண்ணு. கண்டுபுடிச்சது உங்கப்பன்."

அவள் சிரித்துவிட்டாள். "சும்மா இருங்க மாமா. அப்பா போயிட்டாருன்னு கத கட்டறீங்க."

என் ஆயுசில் பொய் ஒட்டுப்போடாமல் சொன்னது அது ஒன்றுதான், அதுதான் எடுபடவில்லை.

சட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போது போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், தொப்பையில் இறுக்குகிறது. ஒன்பதாவது வரி முதுகில் இருக்கிறது, என் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் வருகிறவன் எவனாவது கேட்பான். உன் பேரைச் சொல்வேன். நம்பாவிட்டால் மறுபடியும் சொல்வேன்.