வேணிக்கு ஓர் இலை

சிரம்பான்,
26 ஏப்ரல் 1942

என் உயிர் வேணிக்கு,

பாக்கியம் எழுதுவது. நீ பிழைத்துவிட்டாய் என்று உன் அப்பா எழுதிய இரண்டு வரி நேற்றுத்தான் கைக்கு வந்தது. அடுப்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சாவுச் செய்தி என்று நினைத்து மாமியாரும் சேர்ந்து அழுதார். விஷயம் தெரிந்ததும், "நல்ல சேதிக்கா இம்புட்டு ஒப்பாரி?" என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது.

ஜனவரியில் மலாக்கா பண்டார் ஹிலிரில் குண்டு விழுந்தது, கடைச் சுவர் உன் தலைமேல் சரிந்தது, உன் பக்கத்தில் நின்ற, அடுத்த வீட்டு மீனாச்சியம்மா மகன் ராமச்சந்திரன் அங்கேயே போய்விட்டான், எல்லாம் தேவதாஸ் அண்ணன் சொல்லித் தெரியும். அவர் தம்பின் - மலாக்கா ரயிலில் கார்டு. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி அல்லவா, இருவரும் பழக்கம். இனி நம் கடிதங்கள் அவருடைய சட்டைப்பையில்தான் போக வேண்டும், வர வேண்டும். தபாலில் போட்டால் ஜப்பான்காரர்கள் பிரித்துப் படிக்கிறார்களாம்.

வேணி, நாம் போட்ட திட்டம் அப்படியே இருக்கிறது. தையல் மெஷினை மாமியார் எனக்கே கொடுத்துவிட்டார். பின்கட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. நீ வெட்டு, நான் தைக்கிறேன். என் சைக்கிள் உன் வீட்டில்தானே நிற்கிறது? துரு பிடிக்க விடாதே. உன்னைப் பின்னால் உட்கார வைத்துக் கடற்கரையோரம் நான் மிதிப்பதும், நீ காரணமே இல்லாமல் சிரித்து என்னையும் சிரிக்க வைத்து, இருவரும் சாக்கடையில் விழுந்ததும் நேற்றுப்போல் இருக்கிறது. எனக்கு வேறொன்றும் வேண்டாமடி. அந்தச் சிரிப்போடு வந்து சேர்.

உன்,
பாக்கியலட்சுமி


காஜா பெராங், மலாக்கா,
11 ஜூன் 1942

அன்புள்ள பாக்கியம்,

இதை நான்கு நாளாக எழுதுகிறேன். அதிகம் எழுதினால் தலைக்குள் மாவு மில் ஓடுகிறது. அப்பா விளக்கை மறைத்துவிட்டுப் படு என்கிறார். மருந்து கட்டும் ஆஸ்பத்திரி டிரெசரைப் பெற்றவளுக்கு வீட்டிலும் ஆஸ்பத்திரிதான். பார், தப்பாக எழுதிவிட்டேன். அவர்தான் என்னைப் பெற்றவர். அடித்தெழுத மனமில்லை, இருக்கட்டும்.

முடியை மழித்திருந்தார்கள். இப்போது ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. வார்த்தைகள் ஒளிந்துகொள்கின்றன. ஊசி வேண்டும் என்று கேட்க நினைத்து அப்பாவிடம், "அந்தக் குத்துற சின்னது" என்றேன். அவர் எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். மணம் எதுவும் தெரியவில்லை. நாற்றமும் தெரியவில்லை, அது ஒரு லாபம். எதைத் தின்றாலும் ஈரக் காகிதம்தான்.

நீ சிரிப்பைக் கேட்டாய். அது போகவில்லை, ஆனால் என் பேச்சைக் கேட்பதில்லை. துக்கம் கேட்க மீனாச்சியம்மா வீட்டுக்குப் போனேன். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன்னால் நின்று சிரித்தேன், பாக்கியம். நிறுத்தவே முடியவில்லை. உள்ளே செத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பாலத்தருகே ஜப்பான் காவல்காரனுக்குக் குனிந்து கும்பிடும்போதும் அது வந்துவிட்டது. கன்னத்தில் விழுந்த அறையில் காது இன்னும் இரைகிறது. துப்பாக்கிக் கட்டையை ஓங்கினான். அப்பா ஓடிவந்து அவன் காலடியில் குனிந்து, தன் நெற்றியில் விரலைச் சுழற்றிக் காட்டினார். பைத்தியம் என்று. அவன் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா, "வேற வழி தெரியலம்மா, வேற வழி தெரியலம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆனால் வருவேன். அந்தப் பின்கட்டு அறையை யாருக்கும் கொடுத்துவிடாதே.

உன்,
வேணி


சிரம்பான்,
2 ஆகஸ்ட் 1942

என் அருமை வேணி,

உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். காவல்காரன் விஷயம் வந்ததும் இவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். இனி வெளியே போனால் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொள். பல்வலி என்று நினைப்பார்கள்.

மனதைத் தளரவிடாதே. எல்லாம் பழையபடி ஆகிவிடும். நீ யார், என் வேணி! வகுப்பில் நாற்பது பிள்ளைகளைச் சிரிக்க வைத்தே மனக்கணக்கு சொல்லிக் கொடுத்தவள். கைக்கும் மூளைக்கும் சேர்த்து ஒரு வைத்தியம் சொல்கிறேன். தினமும் பத்து பொத்தான்துளை தை. பழைய துணி போதும். துளை ஒழுங்காக வந்தால் நீ தேறிவிட்டாய் என்று அர்த்தம். பொங்கல் கழிந்த மறுநாள் ரயிலேறி வா. தம்பினில் இவர் வந்து கூட்டி வருவார்.

எனக்கு நான்காம் மாதம். இங்கே மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறு பேச்சே இல்லை. பிள்ளையும் கிழங்கு மாதிரித்தான் பிறக்கப்போகிறது.

உன்,
பாக்கியம்


காஜா பெராங்,
16 ஜனவரி 1943

அன்புள்ள பாக்கியம்,

நேற்று நான் ரயிலேறியிருக்க வேண்டும். மூட்டை கட்டித்தான் வைத்திருந்தேன். மூட்டைக்குள் ஆயிரத்துக்கு மேல் பொத்தான்துளைகள். கடைசி நூறு நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் நடந்ததை உனக்குச் சொல்லாமல் உன் வீட்டுப் படியேறக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

போகியன்று பக்கத்து வீட்டில் பார்ச்சு. உனக்குத் தெரியும், மலாய் பேசும் மலாக்காச் செட்டி வீடுகளில் அன்று செத்தவர்களுக்கு இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். சாமி கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தி எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள் என்று தோன்றும்போது, மூன்று முறை கதவைத் தட்டித் திறப்பார்கள். இந்த வருடம் ராமச்சந்திரனுக்கு முதல் இலை. மீனாச்சியம்மா நான்கு மாதமாக ரேஷனில் கைப்பிடி கைப்பிடியாய் மிச்சம் பிடித்த அரிசியில் அவனுக்கு மட்டும் சோறு வடித்தார். அந்த வீட்டில் மற்ற எல்லோருக்கும் கிழங்குதான். நான்தான் தேங்காய் துருவிக் கொடுத்தேன்.

கதவைச் சாத்தி எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள். என் தலைத்துணியைப் பின்பக்கம் வைத்தது ஞாபகம் வந்து எடுக்கப் போனேன். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இலை. இலையில் வெள்ளைச் சோறு. எனக்குப் பசித்ததா என்றுகூடத் தெரியவில்லை, பாக்கியம். இலை போட்டிருந்தது, உட்கார்ந்தேன். அவ்வளவுதான் என் தலைக்குள் ஓடியது. இது யாருடையது, இன்று என்ன நாள் என்பதெல்லாம் அந்த உடைந்த இடத்தில் விழுந்துவிட்டன.

மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது ராமச்சந்திரன் இலையில் நான் பாதிச் சோறு தின்றிருந்தேன். தெய்வானை என்ற அவர்கள் வீட்டுப் பெண் அலறினாள். யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது.

மீனாச்சியம்மா, "பியார்! பியார் டியா மாக்கான்" என்றார். விடுங்கள், அவள் சாப்பிடட்டும் என்று. பிறகு என் எதிரில் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் வராது, நான்கைந்து சொல்தான் தெரியும். மலாயில் மெதுவாகச் சொன்னார்: கடைசியாக என் பிள்ளை பக்கத்தில் நின்றவள் இவள். அவன் பங்கை இவள் தின்றால் என்ன? மீதிச் சோற்றையும் என் பக்கம் தள்ளிவைத்தார். நான் தின்றேன். சிரித்துக்கொண்டே, கண்ணில் நீர் வழிய.

மறைக்காமல் எழுதிவிட்டேன். இப்படிப்பட்டவளைக் கூட்டிக்கொள்வாயா? தேதி சொல், வருகிறேன்.

உன்,
வேணி


சிரம்பான்,
21 பிப்ரவரி 1943

அன்புள்ள வேணிக்கு,

ஆண் குழந்தை. ராஜரத்தினம் என்று பெயர் வைத்திருக்கிறோம். நல்லவேளை, கிழங்கு மாதிரி இல்லை.

உன் கடிதம் வந்தபோது நான் தீட்டு அறையில் இருந்தேன். மாமியார் கையில் கிடைத்துவிட்டது. அவருக்குக் கொஞ்சம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். செத்தவன் சோற்றைத் தின்றவளைப் பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் சேர்ப்பதா என்று ஒரே சத்தம். அதைக்கூட நான் சமாளித்திருப்பேன். ஆனால் வேணி, எங்கள் வீட்டுக்கு நேர் எதிரில் இப்போது காவல்சாவடி போட்டிருக்கிறார்கள். காலையிலும் மாலையிலும் வாசலில் நின்று கும்பிட வேண்டும். நீ ஒருநாள் சிரித்துவிட்டால்? இவரைப் பிடித்துக்கொண்டு போனால்? நான் பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டேன் என்று நினைப்பாய். ஆகிவிட்டேன்தான். பிள்ளை பெற்றால் நீயும் இப்படித்தான் ஆவாய்.

கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். முழுசாகக் குணமாகி, பழைய வேணியாக வா. அவளுக்கு இந்த வீட்டில் எப்போதும் இடம் உண்டு. அந்த இலை விஷயத்தை வேறு யாருக்கும் எழுதாதே.

பாக்கியம்


காஜா பெராங்,
18 ஜூலை 1943

அன்புள்ள பாக்கியம்,

குழந்தைக்கு என் முத்தம். இரண்டு சின்னச் சட்டை தைத்து அனுப்புகிறேன். பொத்தான்துளைகளை உன் மாமியாரிடம் காட்டு.

தேவதாஸ் அண்ணன் கையில் வரும் கடைசிக் கடிதம் இதுதான். தம்பின் தண்டவாளத்தைப் பெயர்த்து, சயாமில் போடும் ரயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். நான் வரவேண்டிய வழியையே சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள், பார்த்தாயா. அப்பாவுக்கும் அங்கே போக உத்தரவு வந்துவிட்டது. கலியாணசுந்தரம், டிரெசர், இருபத்தெட்டாம் தேதி ஆஜராக வேண்டும் என்று. கூலிகளுக்கு மருந்து கட்ட ஆள் வேண்டுமாம். எனக்கு மருந்து கட்ட இனி யார் என்று அவர்களிடம் யார் கேட்பது?

ரயில் இல்லாவிட்டால் என்ன, உன் சைக்கிளிலேயே தம்பின் வரை வந்துவிடலாம் என்று நேற்று அதை வெளியே எடுத்தேன். டயருக்குப் பதில் ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார் அப்பா. காலைத் தூக்கி மிதித்தேன். பத்து அடி. பூமி இடப்பக்கமாகச் சரிந்தது. மறுபடி ஏறினேன். மறுபடி சரிந்தது. ஏழு முறை. எட்டாவது முறை மீனாச்சியம்மா வந்து சைக்கிளைப் பிடுங்கித் தன் வீட்டுச் சுவரில் சாத்திவிட்டார். டாக்டர் முன்பே அப்பாவிடம் சொன்னாராம், இனி இப்படித்தான் இருக்கும் என்று. ஒன்றரை வருடம் என்னிடம் மறைத்துவிட்டு நேற்று ராத்திரிதான் அப்பா சொன்னார்.

ஆகவே பாக்கியம், பழைய வேணி வரமாட்டாள். அவளுக்காக அந்த அறையைப் பூட்டி வைக்காதே. இருப்பவள் நான்தான். எனக்கு இருபத்திரண்டு வயது. தைக்கத் தெரியும். வெளியே போகாமல் பின்கட்டிலேயே கிடப்பேன். உன் பிள்ளையைத் தூக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். எனக்கும் ஒரு வேலை, ஒரு தோழி, சாயங்காலம் பேச ஒரு பேச்சு வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. என்னை எடுத்துக்கொள்வாயா? மாட்டேன் என்றால் அதையாவது எழுது. காத்திருப்பதுதான் தலையை அதிகம் வலிக்க வைக்கிறது.

உன்,
வேணி


காஜா பெராங்,
14 ஜனவரி 1944

பாக்கியலட்சுமிக்கு,

மரக்கட்டை லாரி ஒன்று சிரம்பான் போகிறது. டிரைவர் நல்ல மனிதர், கொடுத்துவிடுவதாகச் சொன்னார். என் கடிதம் போய் ஆறு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. முதலில் ரயில் இல்லாததால் என்று நினைத்தேன். பிறகு தேவதாஸ் அண்ணனே ஒரு வேலையாக இந்தப் பக்கம் வந்தார். என் கடிதத்தை உன் கையிலேயே கொடுத்ததாகச் சொன்னார். பதில் கேட்டதற்கு நீ உள்ளே போய்விட்டாயாம். அவருக்கே சங்கடமாக இருந்தது, பாவம்.

அப்பாவிடமிருந்தும் ஒன்றும் இல்லை. அவரோடு போனவர்களில் ஒருவர் திரும்பி வந்தார். அவரைப் பார்த்த பிறகு நான் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

மீனாச்சியம்மா வீட்டில்தான் இருக்கிறேன். என் பெயரின் முன்பாதியால், கமலா என்று கூப்பிடுகிறார். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது மலாய் பாதி, சைகை பாதி. அதனால் எனக்கு வார்த்தை வராமல் போனாலும் அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. தினமும் பத்து பொத்தான்துளை தைக்கிறேன். எதற்கு என்று கேட்காதே.

நேற்று பார்ச்சு. எனக்கும் ஓர் இலை வேண்டும் என்று கேட்டேன். அப்பாவுக்கா என்றார். இல்லை, வேணிக்கு என்றேன். உயிரோடு இருக்கிறவர்களுக்குப் போடக் கூடாது என்று கோபித்தார். நான் சொன்னேன்: அவள் உங்கள் பிள்ளையோடுதான் போனாள், அதே சுவரடியில். அவளுக்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள், அவளுக்கு யாராவது சொல்லியனுப்ப வேண்டாமா? அவர் கத்தியோடு வாழையடிக்குப் போனார். பிறகு சின்னதாக ஓர் இலை நறுக்கி ராமச்சந்திரன் இலைக்குப் பக்கத்தில் போட்டார்.

அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். நின்று யோசித்தேன். தெரியவில்லை. இனிப்பா, உறைப்பா, என்ன விரும்பித் தின்பேன், ஒன்றுமே வரவில்லை. பாக்கியத்துக்குத் தெரியும் என்றேன். பாக்கியம் இங்கே இல்லையே என்றார். கடைசியில் இருந்ததை வைத்தோம். சோறும் கருவாடும்.

கதவைச் சாத்தினோம். இந்த முறை முற்றத்தில் எல்லோரோடும் சேர்ந்து நான் அடங்கி நின்றேன். என்னையே தட்டச் சொன்னார்கள். மூன்று முறை தட்டினேன். திறந்தபோது இலை வைத்தபடியே இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒருவரும் அலறவில்லை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

அந்தச் சோறு உன் சைக்கிள். அதைக் கொடுத்துத்தான் ஒரு மரக்கால் அரிசி வாங்கினோம். கேட்காமல் கொடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

உனக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். உன் இடத்தில் நான் இருந்தாலும் பயந்திருப்பேனோ என்னவோ. குழந்தை நன்றாக இருக்கட்டும். அவளுக்குப் பிடித்தது என்ன என்று இனி எழுத வேண்டாம். அது உன்னிடமே இருக்கட்டும். அவளைப் பற்றித் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

இப்படிக்கு,
க. கமலவேணி