ஈரல் என்றுதான் சொன்னார்

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் உன் அப்பா எதையும் நேராகச் சொல்கிற மனுஷன் இல்லை, நீயும் மஸ்கட்டிலிருந்து நன்றாகத்தான் இருக்கிறேன் என்கிறாய், அதையும் நான் முழுதாக நம்பவில்லை. போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறார், அதனால்தான் அங்கே திரும்புகிற எதிர்வீட்டு சங்கீதா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கவர் பிரிந்திருந்தால் எனக்குச் சொல்.

பங்குனியில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தவர், "ஈரல் வீங்கிக்கினு இருக்குதாம்" என்று மட்டும் சொன்னார். நம் தெருவில் ஈரல் வீக்கம் என்றால் குடியைத் தவிர வேறு என்ன நினைப்பார்கள்? அன்றிலிருந்து தறியில் உட்காரவும் இல்லை. கண்ணெல்லாம் மஞ்சள், இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. சட்டைப் பையைத் துழாவினேன், தூங்கும்போது வாயை மோந்து பார்த்தேன், பாக்கு வாசனைதான் வந்தது, மறைக்கத்தான் பாக்கு போடுகிறார் என்று நினைத்தேன். நேராகவே கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டாரே தவிர இல்லை என்று ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்து வீட்டு முனிசாமி வரைக்கும் பேச்சு போய்விட்டது.

போன வாரம் சண்டை போடுவதற்கென்றே டாக்டரிடம் தனியாகப் போனேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, உங்கள் வீட்டுக்காரர் குடிப்பவரே இல்லையம்மா, வீங்கியிருப்பது கல்லீரல் இல்லை, இடப்பக்க விலாவுக்குள் இருக்கிற மண்ணீரல் என்றார். உன் அப்பா அந்தச் சொல்லுக்கு முன்னால் இருந்த 'மண்'ணை விழுங்கிவிட்டார், பார். பிறவியிலேயே அவர் ரத்த அணுக்கள் உருண்டையாக, சீக்கிரம் உடைகிற மாதிரி இருக்கின்றனவாம். அதையெல்லாம் பிடித்து உடைத்தே மண்ணீரல் பெருத்து இரைப்பையை அழுத்துகிறதாம். சிலருக்குக் காய்ச்சலால் வீங்குமாம், சிலருக்குக் கல்லீரல் கோளாறால், காரணம் பார்த்துத்தான் வைத்தியமாம். இவருக்கு இப்போதைக்கு ஃபோலிக் மாத்திரையும் அவ்வப்போது ஸ்கேனும் போதும். ரொம்பப் படுத்தினால் தடுப்பூசிகள் போட்டுவிட்டு மண்ணீரலை எடுத்துவிடுவார்கள். வயிற்றில் மட்டும் இடி படக்கூடாது, கிழிந்தால் உள்ளேயே ரத்தம் கொட்டிவிடும். தறி மரம் வயிற்றில் முட்டும் என்றுதான் தறியை விட்டு இறங்கியிருக்கிறார்.

இது பிள்ளைகளுக்கும் வரலாம், மகளுக்கும் சோதித்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னதற்கு உன் அப்பா, "அப்பன் குடிகாரன்னா பொண்ணைக் கட்டிக்கினு போவாங்க சார், ரத்தத்துல கோளாறுன்னா வாலாஜாபாத்துக்காரங்க திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க" என்றாராம். வாலாஜாபாத்தில் பேசி வைத்த உன் சம்பந்தம் கலையக் கூடாதென்று ஊர் வாயில் விழுந்துகொண்டிருக்கிறார். வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

சின்ன வயதில் உனக்கும் கண் மஞ்சளாகிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேனே. இப்போது வீடியோவில் விளக்குக்கு முதுகைக் காட்டியே உட்காருகிறாய், ஏன்? பயப்படாமல் போய் ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார். கல்யாணத்துக்கோ குழந்தை பெறுவதற்கோ இது தடை இல்லை என்று கேட்டுக்கொண்டுதான் வந்தேன். மறைத்துக் கட்டிக்கொடுக்க எனக்கு மனசில்லை, மாப்பிள்ளை வீட்டில் நானே பேசுகிறேன்.

காமாட்சி உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். ஒன்று மறக்காதே, எனக்குத் தெரிந்துவிட்டது என்று அப்பாவுக்குத் தெரியாது. அடுத்த முறை போன் செய்யும்போது, குடியை விட்டுடுப்பா என்று நீயும் நாலு வார்த்தை திட்டு. அன்றைக்காவது நிம்மதியாகத் தூங்குவார்.

உன் அம்மா,
சம்பூர்ணம்