இருபத்திரண்டு புள்ளி முன்னிலை

இரவு ஷிப்ட் முடிந்து இன்று காலை பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். தண்டலம் தாண்டியதும் கைப்பேசி அதிர்ந்தது. கூடைப்பந்து ஸ்கோர் செயலி. இடைவேளையில் உனக்குப் பிடித்த அமெரிக்க அணி இருபத்திரண்டு புள்ளி முன்னிலை.

உன் கைப்பேசியின் திரை உடைந்திருந்த வாரத்தில் நீ என்னுடையதில் போட்டுவைத்த செயலி அது. நீ போய் ஒன்றரை வருடமாகிறது. நான் அதை நீக்கவில்லை. உனக்கு வரவேண்டிய செய்திகள் எனக்கு வந்துகொண்டிருக்கின்றன.

அமெரிக்காவில் இரவு ஆட்டம் என்றால் பிள்ளைப்பாக்கத்தில் அது காலை. ஷிப்ட் விட்டு வந்த களைப்போடு, யூனிபார்மைக்கூட மாற்றாமல் சுவரில் சாய்ந்துகொண்டு ஒரே கைப்பேசியில் இருவரும் பார்ப்போம், நீ எப்போதும் என் இடப்பக்கம். மாடியில் துணி காயப்போட வரும் வீட்டுக்கார அக்கா ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்.

"இன்னாம்மா, ராவெல்லாம் வேல செஞ்சிட்டு வந்து பந்து பாத்துகினு கீறீங்க? தூங்க மாட்டீங்களா?"

நீ தலையைத் திருப்பாமலே சொல்வாய்: "தோக்கது எப்படின்னு படிக்கோம்க்கா."

விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் உண்மையும் அதுதான். திருநெல்வேலியில் கல்லூரி அணிக்கு ஆடியபோது, ஒரு இறுதி ஆட்டத்தில் பதினான்கு புள்ளி முன்னால் இருந்து தோற்றவள் நீ. அதை ஒரே ஒருமுறைதான் சொன்னாய். அதன் பிறகு யார் முன்னிலையை இழந்தாலும் உனக்குத் தூக்கம் வராது.

நான் முதன்முதலில் பார்த்த ஆட்டத்தில் உன் அணி இருபத்துநான்கு புள்ளி முன்னால் இருந்தது. முடிந்த கதை என்று படுக்கப் போனேன்.

"ஏட்டி, எங்க போற? நாவல்ல கடைசி அம்பது பக்கத்த விட்டுட்டா தூங்குவ? உக்காரு."

உட்கார்ந்தேன். தோற்றார்கள். அதிர்ஷ்டம் என்றேன், தூரத்திலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி, நாலு எறி உள்ளே விழுந்தால் எதுவும் மாறும் என்றேன். நீ ஒப்புக்கொள்ளவில்லை. அதே ஆட்டத்தை மறுபடி ஓட்டிக் காட்டினாய். முன்னிலையில் இருப்பவர்கள் நேரத்தைக் கரைக்கப் பந்தை மெதுவாக உருட்டி வருகிறார்கள். எறிவதற்கு உள்ள இருபத்துநான்கு நொடியில் இருபதைத் தின்றுவிட்டு, கடைசியில் அவசரமாக எறிகிறார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் பெஞ்சில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"முன்னால நிக்கவன் கடிகாரத்தப் பாக்கான். பின்னால நிக்கவன் பந்தப் பாக்கான். அவ்வளவுதாம்ட்டி."

தொழிற்சாலையில் நம் அசெம்பிளி லைனிலும் அதைக் காட்டினாய். மதியச் சாப்பாட்டின்போது போர்டில் இலக்கைவிட எண்ணிக்கை கூடுதலாக இருக்கும் நாட்களில்தான், சாப்பிட்டு வந்த பிறகு ஸ்க்ரூ விட்டுப்போகும், பீஸ் திரும்பி வரும். நான் அதற்குப் பிறகு கவனித்தேன். நீ சொன்னது சரி.

சரியென்று தெரிந்தும் என்ன செய்தேன்?

உனக்கு டெங்கு வந்த ஐந்தாம் நாள் அதிகாலை. தெர்மாமீட்டரைப் பார்த்தோம், காய்ச்சல் இல்லை. நான்கு நாள் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்த இருவருக்கும் சிரிப்பு வந்தது. காய்ச்சல் விடும் நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும், அன்று ரத்தம் பரிசோதிக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

"விட்டுட்டுல்லா? நீ வண்டிய விட்டுராத, கெளம்பு," என்றாய்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பேருந்துக்கு ஏழு நிமிடம் இருந்தது.

கைப்பேசியை கேட் லாக்கரில் வைத்துவிட்டுத்தானே உள்ளே போகவேண்டும். ஷிப்ட் முடிந்து எடுத்தபோது உன் அழைப்புகள் மூன்று. பத்தரைக்கு ஒன்று, பதினொன்றுக்கு இரண்டு. அறைக்கு ஓடி வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாய். கை சில்லென்று இருந்தது. "ஆட்டம் முடியலட்டி," என்றாய். ஆட்டோ, ஆம்புலன்ஸ், சென்னை. இரண்டு நாள்தான் இருந்தாய்.

உன் கட்டிலில் இப்போது சிவகங்கைப் பெண் ஒருத்தி இருக்கிறாள். நல்லவள், அதிகம் பேசமாட்டாள். போன மாதம் அவளுக்கும் அதே காய்ச்சல். அது விட்ட அன்று, "நான் நல்லாயிட்டேங்க்கா, நீங்க போங்க," என்றாள். நான் சூப்பர்வைசருக்கு போன் செய்தேன்.

"காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நீயே சொல்ற. அப்புறம் எதுக்கும்மா லீவு?"

"அதுக்குத்தான் சார்."

காலையிலேயே ரத்தப் பரிசோதனை செய்தோம். அறைக்கு வந்து நாள் முழுக்க அருகில் இருந்தேன். அவள் தூங்கும்போதெல்லாம் கையைத் தொட்டுப் பார்த்தேன். சில்லிடவில்லை, வெதுவெதுப்பாகவே இருந்தது. அவளுக்கு நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. நான் சொல்லவில்லை.

இன்று அவளுக்குக் காலை ஷிப்ட். அறையில் யாருமில்லை. நம் சுவரில் சாய்ந்து மீதி ஆட்டத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டு பதினைந்தாயிற்று, ஆறாயிற்று, ஒன்றாயிற்று. கண் எரிந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை.

உன் அணி ஜெயித்துவிட்டது. ஒரு புள்ளியில்.

"பாத்தியா!" என்று இடப்பக்கம் திரும்பினேன்.