முக்கால் மணி முந்திய கடிகாரம்

1934, கார்த்திகை 5, செவ்வாய்.

கல்கத்தா போகும் கப்பல் இன்று ஒரே ஒரு பகல் நம் துறைமுகத்தில் நின்றது. அதில் குமாஸ்தாவாக இருக்கும் என் தங்கை மகன் ரகு, மயிலாப்பூர் வந்து ஓர் அண்டா ரசத்தையும் நாற்பது அப்பளத்தையும் சம்ஹாரம் செய்தான். ஐந்து மணிக்குள் கப்பலேற வேண்டும். ஜட்காவுக்கு ஒரு மணி நேரமாவது பிடிக்கும். தங்கை வாசலை மறித்துக்கொண்டாள்.

"நாலரை வரைக்கும் ராகு காலம் அண்ணா. அதுவரைக்கும் இவன் படி தாண்டப்படாது. அரை மணியிலே போயிடலாம்."

"கப்பலை விட்டா வேலை போயிடும், மாமா" என்றான் ரகு.

சூரிய சந்திரர்களுக்கே உத்தரவு போடும் நான், அவள் உள்ளே போன சமயம் கூடத்துக் கடிகாரத்தை முக்கால் மணி முன்னே தள்ளினேன். அது நாலரையைக் காட்டவே, அவளே சிரித்துக்கொண்டு விபூதி இட்டு அனுப்பினாள்.

அவனோடு நானும் ஜட்காவில் போனேன். வழியில் நொச்சிக்குப்பத்தில் கட்டுமரங்களை ரோட்டோரம் வரை இழுத்துப் போட்டிருந்தார்கள். "இன்னா சாமி, இன்னிக்கா புள்ளைய கப்பல்ல அனுப்பறே? காத்து மாறிக்கினு கீது" என்றார் ஒரு கிழவர்.

"என் மருமான் ஏறினா வங்காள விரிகுடாவே வாலைச் சுருட்டிக்கும்!" என்றேன். ரகு சிரிக்கவில்லை.

இப்போது நடுராத்திரி; புயலில் ஊருக்குள்ளேயே ஓடுகள் பறக்கின்றன. நல்ல வேளையில் அனுப்பிவிட்ட நிம்மதியில் தங்கை தூங்குகிறாள். ராகுவாவது கேதுவாவது என்று முழங்கும் மகா தீரன் நான், கடிகாரத்தைச் சரிசெய்ய இரண்டு முறை எழுந்தேன். முள்ளைத் தொட்டதும் கை நின்றுவிடுகிறது. திருப்பி வைத்தால் அவன் ராகு காலத்தில் புறப்பட்டது நிஜமாகிவிடும்.