மாதிரிப் பாடத்துக்கு ஆறு கரண்டிகள்

சேசு மரி சூசை துணை

மர்பி டவுன், பெங்களூர்
19 ஜனவரி 1936

மரியாதைக்குரிய அப்பாவுக்கு, மகள் பவுலின் எழுதுவது.

ரெஜிமென்டின் ஆபீசர் மெஸ்ஸில் காணாமல் போன ஆறு வெள்ளிக் கரண்டிகளை எடுத்தது நீங்கள்தான். உங்களுக்குக் கீழே மேட்டியாக எடுபிடி வேலை பார்த்த சந்தானம் எடுக்கவில்லை.

இதை எழுதிவிட்டுத்தான் என்னால் சுகம் விசாரிக்க முடிகிறது. ரெஜிமென்டோடு செகந்தராபாத் போன பிறகு உங்கள் இருமல் குறைந்ததா? அம்மாவின் முழங்கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. கோயிலுக்குப் போய் வரவே இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்திருக்கிறாள்.

இங்கே கன்டோன்மென்ட் தண்டில் பெண்கள் பள்ளி ஒன்றில் இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு மனுப் போட்டிருப்பதாகக் கிறிஸ்துமஸுக்கு எழுதினேன். கூப்பிட்டார்கள். கேள்வி கேட்பது மட்டும் இல்லை, ஐந்தாம் வகுப்புக்கு அரை மணி நேரம் மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், கமிட்டி பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும் என்றார்கள். தமிழ் ஒரு வார்த்தை வரக்கூடாது. படம் காட்டக்கூடாது, பொருளையே கையில் எடுத்துக் காட்டிச் சொல்லித்தர வேண்டும். கொடுத்த தலைப்பு, சாப்பாட்டு மேசையில் சாமான்களை எடுத்து வைப்பது.

களி தின்றுவிட்டு ஜீவனஹள்ளியிலிருந்து நடந்து வரும் பிள்ளைகளுக்கு முள்கரண்டி இடது பக்கம் என்று சொல்லித்தருவது இங்கிலீஷ் பாடம் அல்ல. பங்களாவுக்கு ஆயா தயார் செய்யும் வேலை. அது தெரிந்தும் எட்டு நாள் உட்கார்ந்து பாடக் குறிப்பு எழுதினேன். மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதினேன். டிரெயினிங் முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறவளுக்குத் தலைப்பில் குற்றம் பார்க்க வசதி இல்லை.

மேசை விரிப்பையும் பீங்கான் தட்டுகளையும் பக்கத்து வீட்டு ஜூடித் அக்கா கொடுத்தாள். கரண்டிக்கு அம்மா உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பதினெட்டு வருஷம் பட்லராக உழைத்ததற்குக் கர்னல் துரை கிறிஸ்துமஸ் அன்று எல்லோர் முன்னாலும் கொடுத்தது என்று நீங்கள் சொன்ன கரண்டிகள். கறுத்துப் போய்க் கிடந்தன. நான் கரும்பலகைக்கு வாங்கிய சாக்குக்கட்டியில் இரண்டைப் பொடி செய்து அம்மா தேய்த்தாள். காம்பில் ரெஜிமென்ட் சின்னம் எழும்பி வந்தது. அதைப் பார்த்து அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

அம்மாவும் ஜூடித் அக்காவும்தான் என் வகுப்பு. திஸ் இஸ் எ ஸ்பூன் என்று நான் சொன்னால், அம்மா பங்களாவில் பழகிய வாயோடு, எஸ் மேடம், ஸ்பூன் மேடம் என்று எழுந்து நின்றாள். அப்படிச் சொல்லக்கூடாது என்றேன். "முப்பது வருஷம் இதைக் கழுவிக் கழுவிக் கை தேஞ்சுது. இப்பதான்டி இதுக்குப் பேர் கத்துக்கறேன்" என்றாள். அக்கா சிரித்த சிரிப்பில் பாடம் அன்றைக்கு அதோடு நின்றது.

வெள்ளிக்கிழமை பாடம் நடத்தினேன். நன்றாகத்தான் நடத்தினேன். சின்னம் மேலே தெரியும்படி ஆறு கரண்டியையும் வரிசையாக வைத்தேன். அதை யாராவது பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நடுவில் ஒரு பெண் மெதுவாக, "டீச்சர், கை இருக்கே, இது எதுக்கு?" என்று தமிழில் கேட்டாள். கேளாதவள்போல் இருந்துவிட்டேன்.

பாடம் முடிந்ததும் கமிட்டியில் இருந்த ஒரு மேஜரின் துரைசானி மேசைக்கு வந்து ஒரு கரண்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். யாருடையது என்று கேட்டாள். என் தகப்பனாருடையது, கர்னல் பரிசாகக் கொடுத்தது என்று தலை நிமிர்ந்து, பிழையில்லாத இங்கிலீஷில் சொன்னேன். எந்த மெஸ்ஸும் தன் வெள்ளியைப் பரிசாகக் கொடுப்பதில்லை என்றாள். அவள் புருஷன் முன்பு அதே ரெஜிமென்டில் இருந்தாராம். 1928 கிறிஸ்துமஸில் ஆறு கரண்டி தொலைந்தது, ஒரு மேட்டி அதற்காக ஜெயிலுக்குப் போனான் என்றாள். பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைமையாசிரியை நல்லவள். என்னைத் தனியே கூப்பிட்டு, இந்த மாதம் முடிவதற்குள் பரிசுதான் என்று ஒரு ஆபீசர் கையெழுத்தோடு தாள் கொண்டுவந்தால் வேலை எனக்கே என்றாள்.

வெள்ளைக்காரன் கரண்டிக்காக நான் அழவில்லை. ஊரையே எடுத்துக்கொண்டவன் ஆறு கரண்டிக்குக் கணக்குக் கேட்கிறான். ஆனால் சந்தானம் நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர். ஆறு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்து, வீட்டு வேலைக்கு யாரும் சேர்க்காமல், இப்போது அல்சூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அவரைத் தெருவில் பார்த்தால் பேசக்கூடாது என்று எனக்குச் சொன்னது நீங்கள்.

உண்மையை எழுதுங்கள்.

உங்கள் மகள்
பவுலின்


மர்பி டவுன்
4 பிப்ரவரி 1936

மரியாதைக்குரிய அப்பாவுக்கு,

கவர் வந்தது. உள்ளே ஒரு தாள் மட்டும் இருந்தது. எனக்கென்று ஒரு வரி இல்லை. கரண்டிகள் பட்லர் ரெமிஜியஸுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டவை என்று ஒரு கேப்டன் எழுதியதாக அந்தத் தாள் சொல்கிறது. எனக்கு ஏபிசி எழுதக் கற்றுக்கொடுத்தது நீங்கள். ஸ்லேட்டில் நீங்கள் போட்டுக்காட்டிய ஜி எழுத்தின் வாலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். அதில் ஐந்து இடத்தில் அந்த வால் இருக்கிறது.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு, "உன் கல்யாணத்துக்குன்னுதான்டி வச்சிருந்தாரு. தாளைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வேலைக்குப் போ" என்றாள். அவளுக்கு எப்போது தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவளையும் இழக்க வேண்டும்.

முப்பத்தொன்றாம் தேதி தாளை எடுத்துக்கொண்டு பள்ளி வாசல்வரை போனேன். உள்ளே அந்த ஐந்தாம் வகுப்பு மனப்பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். திரும்பி வந்துவிட்டேன். வேலை வேறொருத்திக்குப் போயிற்று. சாயங்காலம் தையற்காரர் பிள்ளைகள் இரண்டு பேருக்கு வீட்டில் பாடம் சொல்லித்தருகிறேன். களைப்பாக இருக்கிறது அப்பா. வேலை செய்து வந்த களைப்பு இல்லை.

நேற்று மார்க்கெட்டில் சந்தானத்தோடு பேசினேன். கரண்டியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அவர் உங்களைப் பற்றிக் கேட்டது ஒன்றுதான், அண்ணன் சுகமா என்று.

நான் சொல்லுவது அவருக்குப் போதாது. நீங்கள் சொல்ல வேண்டும். சொன்னால் உங்கள் இடம் போகலாம், ஜெயிலும் வரலாம். இரண்டும் அவருக்கு வந்தவைதான்.

பவுலின்


(கார்டு)
20 ஏப்ரல் 1936

அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. பாஸ்குத் திருநாளுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்திருப்பீர்கள். சாமியாரிடம் சொன்னது சாமியாரோடு நின்றுவிடும், அது அல்சூர் வரைக்கும் வராது.

கார்டை மெஸ்ஸில் யார் வேண்டுமானாலும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் கார்டில் எழுதுகிறேன். அம்மா நடமாடுகிறாள். உங்கள் உடம்புக்காகத் தினமும் செபமாலை சொல்லுகிறாள். நானும் கூட இருந்து சொல்லுகிறேன். ஆண்டவர் உங்களுக்குச் சுகம் கொடுக்கட்டும், கையில் தெம்பும் கொடுக்கட்டும்.

இதோடு சேர்ந்த பதில் கார்டில் விலாசம் எழுதிவிட்டேன். நம் வீட்டு விலாசம் அல்ல, சந்தானத்தின் விலாசம். மறுபக்கம் காலியாக இருக்கிறது. ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

பவுலின்