மருந்துக்கடை முனையில் நீண்டது யாருடைய கை?

அனுப்புநர்:
மருந்துக்கடை முனை விபத்தில் சைக்கிள் ஓட்டியவர்
(விசாரணையில் முதல் தரப்பு),
மூன்றாம் மாடி, பின்பக்க வீடு,
தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
உயர்திரு விபத்து விசாரணை அதிகாரி அவர்கள்,
சாலைப் போக்குவரத்து அலுவலகம்.

பொருள்: சலவை நிலைய வேன் ஓட்டுநர் பொய் வாக்குமூலம் கொடுத்ததாகத் தங்கள் முதல்நிலை அறிக்கையில் உள்ள பகுதியை நீக்கக் கோருவதும், நான்கு வயதுக் குழந்தையை விசாரணைக்கு அழைக்க வேண்டாம் என வேண்டுவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அறிக்கையின் மீது மறுப்பு தெரிவிப்பதற்கான கெடு போன வாரமே முடிந்துவிட்டது என்பதை அறிவேன். கெடுவுக்குள் எனக்கு மறுப்பு எதுவும் இருக்கவில்லை. அறிக்கை முழுக்க எனக்குச் சாதகமாகவே இருந்தது. சாதகமான அறிக்கையை எதிர்த்து ஒருவர் புகார் கொடுப்பது தங்கள் அலுவலகத்தில் நடப்பதுதானா என்று தெரியவில்லை. மனு கொடுக்கும் முறையைக் கேட்கப் போனபோது ஜன்னலில் இருந்த எழுத்தர் அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்து, "நீங்கதான் ஜெயிச்சிருக்கீங்க மேடம், இங்க பாருங்க" என்று விரல் வைத்துக் காட்டினார். அந்த வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் என் மகளைப் பின்னிருக்கையில் வைத்து சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். மருந்துக்கடை முனைக்குச் சற்று முன்பு சாலையின் இடப்பக்கத்தில் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தை இரும்புத் தகடு போட்டு மூடியிருக்கிறார்கள். நனைந்த தகட்டில் சக்கரம் வழுக்கும் என்பதால் சற்று வலமாக ஒதுங்கி அதைக் கடந்தேன். கடந்ததும் மறுபடி இடப்பக்கம் வந்தேன். அதே நேரத்தில் பின்னால் வந்த சலவை நிலைய வேன் தகட்டின் மேலேறி என் இடப்பக்கமாக முந்தியது. வேனின் கண்ணாடி என் தோளில் பட்டு நாங்கள் சாய்ந்தோம். எனக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மகள் இருக்கைப் பட்டையில் கட்டப்பட்டிருந்ததால் ஒரு கீறல்கூட இல்லை.

3. ஓட்டுநர் தங்களிடம் சொன்னது: "அந்தம்மா வலது கைய நல்லா நீட்டிக் காட்டினாங்க சார். மஞ்ச மழைக்கோட்டு. வலப்பக்கம் திரும்பப் போறாங்கன்னுதான் நான் இடப்பக்கமா எடுத்தேன்." நான் சொன்னது: நான் கை காட்டவில்லை, திரும்பும் எண்ணமும் இல்லை. இடப்பக்க நடைபாதையில் சாவி செய்பவர், என் இரண்டு கைகளும் பிடியில் இருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். இரண்டு பேர் சொல் ஒருவர் சொல்லுக்கு எதிராக நின்றது. ஓட்டுநர் தப்பிக்கப் பொய் சொன்னார் என்று அறிக்கை முடிந்தது. அவருடைய உரிமம் இப்போது தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. இறுதி உத்தரவும் இப்படியே வந்தால் அவர் இனி வேன் ஓட்ட முடியாது.

4. சைக்கிள் ஓட்டுவோர் சங்கத்தின் செயலாளர் ஆரஞ்சுப் பழங்களோடு வீட்டுக்கு வந்தார். "சிஸ்டர், நீங்க ஒண்ணும் பேச வேணாம், நாங்க பாத்துக்கறோம்" என்றார். பார்த்துக்கொண்டார்கள். 'பொய் சொன்ன ஓட்டுநர்' என்ற சுவரொட்டி அந்த முனையிலேயே ஒட்டப்பட்டது. அந்தப் பக்கம் வேன் நிறுத்தத்தில், என் கட்டுப்போட்ட கையைப் பார்த்தே, "கைய நீட்டுறது ஒரு திசை, போறது ஒரு திசை. கேட்டா, ஐயோ நாங்க சின்ன வண்டிம்பாங்க" என்று என் காதில் விழும்படி பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. என் கணவரின் தம்பி வாடகைக் கார் ஓட்டுபவர். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே, "சரி அண்ணி, நீங்க காட்டல. அந்த ஆளும் சும்மா சொல்ல மாட்டான். அப்ப நீண்டது யாரு கை, பேயோட கையா?" என்றார். என் கணவர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தக் கேள்வி பிறகு என்னை விடவில்லை. ஒருவர் பொய் சொல்வதென்றால் ஏன் மஞ்சள் கோட்டு வரை சொல்ல வேண்டும்?

5. இங்கே எங்கள் குழந்தைகள் காப்பகத்துத் தாய்மார்களின் வழக்கம் ஒன்றைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தை இருக்கையின் முதுகுப்பலகை உயரமானது. மழை மூடியும் சேர்ந்தால், முன்னால் இருக்கும் நாங்கள் கை நீட்டுவது பின்னால் வருபவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. அதனால் நாங்கள் கை காட்டும்போது "வலக்கை", "இடக்கை" என்று குரல் கொடுப்போம். குழந்தையும் அதே பக்கம் கையை நீட்டும். யார் தொடங்கி வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. குழந்தைகளுக்கு இது பெரிய உத்தியோகம். யாராவது பின்னிருக்கையில் தலை தொங்கத் தூங்கினால், "உன் இண்டிகேட்டர் தூங்குது பாரு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்போம். என் மகளுக்கும் எனக்கும் ஒரே கடையில் வாங்கிய, ஒரே மஞ்சள் நிற மழைக்கோட்டு.

6. தினமும் அந்த முனையில் வலப்பக்கம் திரும்பித்தான் காப்பகத்துக்குப் போவோம். விபத்து நடந்த அன்று காப்பகத்துக்குப் போகவில்லை. தடுப்பூசிக்காக நேராக மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே செருப்பைக் கழற்றி எறிபவள் என்பதால், எங்கே போகிறோம் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்டது அவ்வளவுதான். அவளைப் பொறுத்தவரை அது வழக்கமான காலை.

7. கட்டுப்போட்ட பிறகு என் கணவர்தான் அவளை சைக்கிளில் கூட்டிப்போகிறார். இந்த வாரம் திங்கட்கிழமை அந்தப் பக்கம் வேலை இருந்ததால் குடையோடு பின்னால் நடந்து போனேன். மருந்துக்கடைப் பலகை தெரிந்ததும், என் கணவர் இன்னும் குரல்கூடக் கொடுக்காத நேரத்தில், இருக்கையின் வலப்புறமிருந்து ஒரு மஞ்சள் கை வெளியே வந்தது. முழங்கை மடங்காமல், விரல் பிரியாமல், நான் சொல்லிக்கொடுத்தபடியே. குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

8. ஒருமுறை பார்த்ததை நம்பி எழுதக் கூடாது என்று, மறுநாளும் மழையாக இருந்ததால், அதே முனையில் திரும்பாமல் நேராகப் போகும்படி கணவரிடம் சொன்னேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் கொழுந்தனாரின் காரில் பின்னால் போனேன். அதே இடத்தில் அதே கை நீண்டது. துடைப்பான் ஓடும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் முதுகுப்பலகை தெரிந்தது, அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் சட்டைக்கை தெரிந்தது. அது பெரியவர் கையா சிறியவர் கையா என்று பெற்ற எனக்கே சொல்ல முடியவில்லை. சைக்கிள் தகட்டை விட்டு ஒதுங்கி வலமாகப் போனது. கொழுந்தனார் இடப்பக்கம் காரைத் திருப்பப் போய், சட்டென்று பிரேக்கை அழுத்தினார். முன்னால் போகும் சைக்கிளைப் பார்த்தபடியே, "அண்ணி, நானா இருந்தாலும் இப்படித்தான் போயிருப்பேன்" என்றார். இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை. இடப்பக்கம் உட்காரும் சாவி செய்பவருக்கு அந்தக் கை தெரிய வழியே இல்லை என்பதையும், கணவரை இன்னொரு முறை அந்த வழியே வரச் சொல்லிவிட்டு இறங்கிப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்துவிட்டேன்.

9. பிறகு சலவை நிலையத்துக்குப் போனேன். ஓட்டுநர் உள்ளே மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். இப்போதைக்கு அந்த வேலைதான் கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும், "கை எப்படிம்மா இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். கண் பரிசோதனைக்குப் போய்வந்தாராம். "இல்லாத கை எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு நானே போய்ட்டேம்மா. கண்ணு நல்லாத்தான் இருக்குன்னுட்டாங்க. அதான் பயமா இருக்கு" என்றார். ஐயா, அவர் பார்த்த கை இருந்தது என்பதை நான் அந்த இடத்திலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். பாதி மடித்த விரிப்பைக் கீழே வைத்தார். "பாப்பாவா?" என்று மட்டும் கேட்டார். அவளைத் திட்ட வேண்டாம் என்றும் சொன்னார்.

10. சங்கத்துச் செயலாளருக்கு இது பிடிக்கவில்லை. "சிஸ்டர், இதப் போய் எழுதிக் கொடுத்தீங்கன்னா நாளைக்கு நம்ம எல்லார் தலையிலயும் ஏறி உக்காந்துக்குவாங்க" என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. நானும் அந்தச் சாலையில்தான் ஓட்ட வேண்டும். கைகாட்டல் எதுவாக இருந்தாலும் இடப்பக்கம் முந்தலாமா, அந்தத் தகடு இன்னும் ஏன் அங்கேயே கிடக்கிறது என்பதெல்லாம் தனிக் கேள்விகள். அவற்றையும் தாங்கள் பார்க்க வேண்டும். தவறில் எத்தனை பங்கு யாருக்கு என்பதைத் தாங்கள் முடிவு செய்யுங்கள். என் பங்கு பெரிதாக வந்தாலும் மறுக்க மாட்டேன். ஆனால் அதைப் பார்ப்பதற்கு அந்த மனிதர் பொய்யராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

11. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் ஒன்றும் இருக்கிறது. சாலை விதிகளை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்தேன். ஓட்டுபவரின் கையைப் பற்றி இருக்கிறது. பின்னால் இருப்பவரின் கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுத்தரிடம் கேட்டேன், அவரும் புரட்டிப் பார்த்துவிட்டு, "குழந்தை கையப் பத்தி யாரும் யோசிக்கல போல மேடம்" என்றார். நாங்கள் சொல்லிக்கொடுத்தது பாதுகாப்பா, ஆபத்தா? அந்தக் காப்பகத்துத் தாய்மார்கள் எல்லோரும் தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம். நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறோம்.

12. கடைசியாக, இந்த மனுவை எழுத இரண்டு நாள் தயங்கியதற்கான காரணம். இதையெல்லாம் கேட்டுவிட்டு எழுத்தர், "அப்ப குழந்தையையும் கூட்டிட்டு வாங்க மேடம், ஐயா ஒரு வார்த்தை கேப்பாரு" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நானும் அவளிடம் ஒரே ஒருமுறை, தலை வாரும்போது, அன்றைக்குக் கை காட்டினாயா என்று கேட்டேன். "நீ மறந்துட்டம்மா. நான் மறக்கல" என்றாள். இத்தனை நாளும் அதைப் பெருமையாக வைத்திருந்திருக்கிறாள். என் கையில் இருக்கும் கட்டுக்கும் அவள் நீட்டிய கைக்கும் தொடர்பு இருப்பதாக அவளுக்குத் தெரியாது. தங்கள் அறையில் கேட்டாலும் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான்தான்" என்பாள். அப்போது அங்கே இருக்கும் பெரியவர்களில் யாராவது ஒருவர் முகம் மாறினால் போதும். அவள் கெட்டிக்காரி, புரிந்துகொள்வாள்.

ஆகையால், பொய் வாக்குமூலம் என்ற வரியை அறிக்கையிலிருந்து நீக்கி, ஓட்டுநரின் உரிமத்தைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். முனையில் உள்ள சுவரொட்டியைக் கிழிக்கத் தங்கள் அனுமதி வேண்டுமென்றால் அதையும் தாருங்கள். குழந்தையிடம் கேட்க நினைத்திருக்கும் கேள்விகளை எல்லாம் என்னிடமே கேட்கும்படி மிகவும் தாழ்மையுடன் வேண்டுகிறேன். விசாரணை நாளன்று அலுவலகம் திறக்கும் முன்பே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவள் காப்பகத்தில் விளையாடிக்கொண்டிருப்பாள்.

நாள்: பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை
இடம்: மேற்கண்ட முகவரி

தங்கள் நியாயத்தை நம்பி,
(ஒப்பம்)
முதல் தரப்பு

நகல்: சலவை நிலைய வேன் ஓட்டுநர் அவர்களுக்கு, நேரில்.